தையல் கடை வாசல் ஊதாக் கொடி

ஜூன் 4, புதன்

மூன்று வருடமாக ஒரே தேடல். வீட்டு வாசலிலும் மதிலிலும் அழகுக்காகப் படரவிடும் கொடிகளின் இலையில், கிருமியைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா? இலையைப் பறிப்பது, நிழலில் உலர்த்துவது, பொடியாக்கி மெத்தனாலில் ஊறவைத்து வடிப்பது. அந்தச் சாற்றில் நனைத்த காகிதப் பொட்டைக் கிருமி பூசிய தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வரை நகத்தைக் கடிப்பது. பதினைந்து கொடிகள் கையை விரித்துவிட்டன.

இன்று பதினாறாவது தட்டை எடுத்தால், பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம்! அதற்குள் கிருமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அளந்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தேன். எங்கள் தெருத் தையல்கார அக்காவின் கடை வாசலில் படர்ந்திருக்கும் ஊதாப்பூக் கொடி!

என் முனைவர் பட்ட ஆய்வின் வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன். மூன்று வருடத்தில் முதன்முறையாக அவர் பல் தெரிந்தது. உடனே மூடிக்கொண்டார். "இன்னும் மூணு தடவை இதே மாதிரி வரட்டும். முப்பதாம் தேதி கமிட்டி. வரலைன்னா தலைப்பையே மாத்தச் சொல்லுவாங்க."

ஜூன் 5

பழைய பொடி தீர்ந்துவிட்டது. தையல் கடை பூட்டிக் கிடக்கிறது, அக்கா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாராம். பரவாயில்லை. கல்லூரித் தோட்டத்திலும் அதே ஊதாக் கொடி இருக்கிறது, ஒரு பை நிறையப் பறித்தேன்.

வீட்டில் வாய் ஓயவில்லை. "கஷாயக் கடை முதலாளியம்மா, சோறு ஆறுது" என்றார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 13

வட்டம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இன்றும் இல்லை. மேடம் அந்தப் பத்தொன்பதைக் கமிட்டிக்கு எழுதி அனுப்பிவிட்டாராம். யாரைக் கேட்டு அனுப்பினாங்க? நான்தானே துள்ளிக்கிட்டு போய்ச் சொன்னேன். மூணு வருஷம் போச்சு. என் மூஞ்சியில நானே முழிக்க முடியலை.

ஜூன் 17

அக்கா திரும்பிவிட்டார். இலை பறிக்க ஒரே ஓட்டமாகப் போனேன்.

"எந்தக் கொடியில வேணும்?" என்றார், வாயில் குண்டூசியோடு.

"அதே ஊதாதான்க்கா."

"அப்ப பார்த்துப் பறி. மஞ்சப்பூக் கொடியும் அதுகூட பின்னிக்கிட்டுக் கிடக்கு. அது மழை முடிஞ்சாத்தான் பூக்கும்."

தண்டைப் பிடித்துக் கீழே வரை போனேன். ஒன்றல்ல, இரண்டு வேர்! இரண்டிலும் ஒரே பளபளப்பு இலை. பூ ஒன்றில் மட்டும் இருந்ததால் எல்லாம் ஒரே கொடி என்று நினைத்துக் கலந்து அள்ளியிருக்கிறேன். கொடிகளை ஆராய்ச்சி செய்கிறவளாம் நான்! வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே அக்காவும் சிரித்தார்.

ஜூன் 24

ஊதா மட்டும்: ஒன்றுமில்லை. மஞ்சள் மட்டும்: எட்டு. இரண்டும் கலந்தது: இருபது! அப்படிக் கலந்து வைத்த மூன்று தட்டிலும்! ஒன்று தனியாகச் செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்கின்றன. ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஆடினேன்.

ஜூன் 25

"வேணும்னே கலந்து பார்த்தேன்னு சொல்லு. பெரிய ஆளுன்னு நினைப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். ஆசையாகத்தான் இருந்தது. பேருந்தில் இரண்டு நிறுத்தம் வரை அந்தப் பொய்யை ஒத்திகைகூடப் பார்த்தேன்.

மேடத்தின் முன்னால் நின்றதும் உண்மை தானாக வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தார் அவர்.

"தண்டைப் பிடிச்சு வேர் வரைக்கும் போய்ப் பார்த்தியா அன்னைக்கு?"

"இல்ல மேடம்."

"நானும் கேக்கலையே" என்றார்.

ஜூன் 30, திங்கள்

கமிட்டியில் வழுக்கைத்தலைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "இந்த ரெண்டையும் சேர்க்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

"தோணலை சார். தெரியாம சேர்த்துட்டேன்."

மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைப்புக்கு இதோடு மங்களம் என்றே நினைத்தேன். பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் எல்லோரும். தலைப்பு அப்படியே இருக்கட்டும், அந்த இரண்டு கொடிகளையும் முழுதாகப் பிரித்துப் பார் என்று சொல்லிவிட்டார்கள்! வெளியே வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினேன். தண்ணீரா கண்ணீரா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டு வைப்பது?

ஆகஸ்ட் 19

மேடத்திடம் கொடுத்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. நடந்த தவறைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். மேடம் அதை முழுக்க அடித்திருப்பார் என்று பயந்துகொண்டே புரட்டினேன். அடிக்கவில்லை. 'என் கவனக்குறைவால்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரே ஒரு திருத்தம்.

'என்' என்பதை அடித்து, மேலே 'எங்கள்' என்று எழுதியிருந்தார்.