சாத்திரியார் ஊரில் இல்லை

துணுக்காய்
2.8.1963

அன்பு மகள் அருந்ததிக்கு,

முருகன் அருளால் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் கோபம் தீர்ந்துவிட்டதா என்று உன் ஐயாவுக்கு எழுதும் கடிதங்களில் எல்லாம் கேட்கிறாயாம். தீரவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

குளத்தில் தண்ணீர் குறைவு. ஆனாலும் சிறுபோக நெல் பரவாயில்லை, கதிர் வந்துவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்க நீ கொழும்பில் முள்ளுக்கரண்டியால் சாப்பிடப் பழகுகிறாய் என்று ஐயா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அதில் பசி ஆறுகிறதா பிள்ளை?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கலியாணம் முடித்தால் இந்த வேலையை விட்டுவிடுவேன் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாய் அல்லவா? அதைக் கேள்விப்பட்டதும் உன் சாதகத்தை வவுனியாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீரகத்திக்கு அனுப்பிவிட்டேன். அவர் மகனைக் கட்டினால் நீ வீட்டோடு வந்துவிடுவாய் என்ற ஆசைதான். பொருத்தம் நன்றாகவே இருந்தது. போன வெள்ளிக்கிழமை அண்ணன் வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்.

பெடியன் நல்லவன்தான், றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வேலை. ஆனால் அண்ணன், "படிச்ச பொம்பிளை வீட்டுக்கு அழகுதானே, பிள்ளையின்ரை சேட்டிபிக்கற்றைக் கண்ணாடி போட்டு விறாந்தையிலை மாட்டுவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆணி அடித்து மாட்டவா நீ இத்தனை வருஷம் கண்விழித்துப் படித்தாய்?

ஐயா வெட்டொன்று துண்டிரண்டாக, மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் உறவு அன்றோடு அறுந்திருக்கும். நான் முந்திக்கொண்டு, "எங்கடை சாத்திரியார் சாதகத்தைத் திரும்பப் பாத்திட்டு, மூண்டு வருஷம் பொறுக்கச் சொல்லிப்போட்டார் அண்ணை" என்றேன். சாத்திரியார் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர் இன்னும் திரும்பவில்லை என்பது அண்ணனுக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சாத்திரியார் சொன்னால் சரிதான்" என்று கோப்பியைக் குடித்து, பயித்தம்பணியாரத்தையும் மெச்சி, சிரித்த முகத்தோடு போனார். கொழும்பில் உங்களுக்கும் இதைத்தான் படிப்பிக்கிறார்களாம் என்று ஐயா இன்னும் சிரிக்கிறார்.

கோபம் இருக்கத்தான் செய்கிறது. ஒற்றைப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும் தாய்க்கு அதுகூட இருக்கக் கூடாதா? நீ நன்றாகப் படி. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் தலை நிமிர்ந்து போ, முருகன் உனக்கு முன்னால் போவான். கப்பலேறும் முன் ஒருமுறை வீட்டுக்கு வந்து போ மகள். இந்தமுறை உன்னை வழியனுப்ப மாங்குளம் ஸ்ரேசனுக்கு நானும் வருவேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா இலட்சுமி