டெல்பெர்ட்டை எடுக்கலாமா?

பிப்ரவரி 19
காலையிலேயே ரேடியோவில் ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு டெல்பெர்ட்டை மறுபடி, களத்தில் அணியை நடத்தும் மேனேஜராக எடுக்கலாமா, கூடாதா? "எழுபத்தோரு வயசுல வீட்ல உக்காந்து தக்காளி வளக்க வேண்டியதுதானே?" என்கிறான் ஒருவன். "அந்த மனுஷன் இருந்தப்பதான்யா நாம கோப்பையவே பாத்தோம்!" என்று இன்னொருவன் எகிறுகிறான். அந்த டெல்பெர்ட், என் கணவர்தான், எதிரே உட்கார்ந்து ரொட்டியில் ஒரே இடத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20
அவர் ஓய்வுபெற்று இரண்டு கோடைதான் ஆகிறது. பேஸ்பால் கோடைக்கால ஆட்டம்; கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த கோடைகள் அவ்வளவுதான். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 23
பழைய நினைப்பாகவே இருக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் மனைவிமார் நாங்கள், இடுப்பில் பிள்ளைகள். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் கிளம்பும்போது பிள்ளைகள் எல்லாம் தப்பான ஜன்னலுக்கே கையசைக்கும். எங்கள் ஜோலீன் பிறந்தபோது அவர் ஆட்டத்துக்காக நெப்ராஸ்காவில். என்ன பாடு பட்டேன்! ஆனாலும் அந்த மைதானப் புழுதி மேல் இன்று ஆசையாக இருக்கிறதே — ஏன்?

பிப்ரவரி 26
அணியின் முதலாளி கிர்ஸ்டன் போன் செய்தாள். சின்னப் பெண். "ஊரே ரெண்டா நிக்குது. நீங்களே சொல்லுங்க, அவரை எடுக்கலாமா?"

வேண்டாம் என்றால் போதும், கோடை என்னுடையது. குறைகளுக்கா பஞ்சம்? பந்து வீசிக் களைத்துப்போன பிட்சரை மாற்றாமல் கட்டிக்கொண்டு அழுவார். கம்ப்யூட்டர் கணக்கை நம்ப மாட்டார். அம்பயரோடு ஓயாத சண்டை. எல்லாம் சொன்னேன்.

கூடத்தில் டிவியில் ஏதோ பழைய ஆட்டம். பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து, வலிக்கிற முழங்காலோடு கம்பளத்தில் நடந்து போய், பிட்சரை மாற்றும்போது அவனிடம் பந்தை வாங்குகிற மாதிரி திரைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பாவி மனுஷன்.

"எடுத்துக்கோம்மா," என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 2
எடுத்துவிட்டார்கள். பாதி ஊர் திட்டுகிறது. அவர் சீருடையைப் போட்டுப் பார்த்தார். தொப்பை இடிக்கிறது.

ஜூன் 30
ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம்; மூன்றாவது இன்னிங்ஸிலேயே, கத்திச் சண்டை போட்டதற்காக, அம்பயர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அனுப்பினால் மைதானத்துக்குள் இருக்கக் கூடாது. நானும் எழுந்து காருக்குப் போனேன். சீருடையோடே வந்து ஏறினார்.

ரேடியோவில் ஒருவன், "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம், இந்த ஆளு வேணாம்னு!"

"சரியாத்தான் சொல்றான்," என்று என் வேர்க்கடலையைப் பிடுங்கித் தின்றார்.

"அம்பயர் சொன்ன மாதிரி பந்து கோட்டுக்கு வெளியதான் விழுந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு கத்துனீங்க?"

இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். "ஆட்டம் முடிய இன்னும் ஆறு இன்னிங்ஸ் இருக்கு, மார்லீன். அதுவரைக்கும் யாரும் நம்மளத் தேட மாட்டாங்க," என்றார்.

ரேடியோவை அணைத்தேன்.