இருபது லட்சம் சாத்தோக்கள்

நகோயா
14.9.1986

என் செல்ல மகள் அசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா இங்கே சுகம். நீயும் அம்மாவும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

அங்கே உங்களுக்கு யார் கூட்டாளி என்று கேட்டிருந்தாய். இராஜபாளையம் மில்லிலிருந்து என்னோடு பயிற்சிக்கு வந்த சுயம்புலிங்கம் மாமா இருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் சாத்தோக்கள். சிரிக்காதே. நூற்பு மெஷின் செய்யும் இந்தப் பட்டறையில் முப்பது பேர். அதில் ஆறு பேருக்கு சாத்தோ என்று பெயர். போன் வந்தால் ஆறு பேரும் எழுந்து நிற்கிறார்கள். அதனால் கண்ணாடி சாத்தோ, குண்டு சாத்தோ என்று அடையாளம் வைத்துக் கூப்பிடுகிறோம். அது அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை, குடும்பப் பெயர். நாடு முழுக்க இருபது லட்சம் பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறதாம்.

"அப்படியானால் எல்லோரும் சொந்தக்காரர்களா?" என்று கேட்டேன். குண்டு சாத்தோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அரசருக்குப் பெண் கொடுத்த பிரபு வம்சம் தாங்கள் என்றார். அவர்கள் எழுதும் முறையில் பெயரின் இரண்டாவது எழுத்து அந்த வம்சத்துக்குரிய ஒரு பூங்கொடியைக் குறிக்குமாம். கண்ணாடி சாத்தோ விழுந்து விழுந்து சிரித்தார். நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால்தான் எல்லோரும் கட்டாயம் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதாம். அவருடைய முப்பாட்டனார் அடுத்த வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

உன் குடும்பப் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்கள். நமக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். "பிறகு உன் மகளை எப்படித் தேடுவார்கள்?" என்றார்கள். பீர் மைதீன் மகள் என்று கேட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள் என்றேன்.

பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் அத்தா,
பீர் மைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.7.1991

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலமாக இருப்பதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறோம். நீங்கள் வந்து போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மா உங்கள் கைலியைத் துவைத்துக் கொடியில் போடுவார்கள். இந்த வருஷம் போடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடித உறையின் பின்பக்கம் பி.எம். சாத்தோ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. தபால்காரர் பால்ச்சாமி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒங்க அத்தா பேரு பீர் மைதீன்தான? இதுல வேற பேருல்லா போட்டிருக்கு. மாறி வந்திருச்சோ?"

"அது கம்பெனி பேருண்ணே" என்று அம்மா சட்டென்று சொல்லிவிட்டார்கள். அவர் போன பிறகு கடிதத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

போன வருஷம் ஊருக்குத் திரும்பிய சுயம்புலிங்கம் மாமாவை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். அம்மாவைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குள் ஏதாவது சண்டையா?

மகள்,
அசீனா


நகோயா
20.8.1991

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பெரிய பெண்ணாகிவிட்டாய் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

சாத்தோ என்பது நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் பெயர். இங்கே வெளிநாட்டுப் பெயரைப் போட்டால் தபால் சரியாக வந்து சேராது. அதனால் அவர் பெயரையும் சேர்த்து உறை அச்சடித்துக் கொடுத்தார்கள். வேறொன்றும் இல்லை. பால்ச்சாமியிடம் அப்படியே சொல்லிவிடு.

சுயம்புலிங்கம் கூச்ச சுபாவம் உள்ளவன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெஷின் வேலை நெருக்கடியாக இருப்பதால் லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நன்றாகப் படி.

அத்தா


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.1.1992

அத்தாவுக்கு,

சுயம்புலிங்கம் மாமா நேற்று வீட்டுக்கு வந்தார். எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "தங்கச்சி, அங்க வச்சே எனக்குத் தெரியும். ஒரு வருசமாச் சொல்ல வாய் வரல. அவன் அங்க கல்யாணம் முடிச்சுட்டான். ஒரு ஆம்பளப் புள்ள இருக்கு. பொண்ணு வீட்டுப் பேரத்தான் இப்பம் வச்சிருக்கான்."

"புள்ளைக்கு எத்தன வயசு?" என்று அம்மா கேட்டார்கள்.

"ரெண்டு முடிஞ்சிருக்கும்."

"செத்த நேரம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. இன்று காலை வழக்கம்போலச் சத்திரப்பட்டிக்கு பேண்டேஜ் துணி மடிக்கக் கிளம்பிப் போனார்கள். ஆனால் எப்போதும் போகும் தெரு வழியாகப் போகவில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போனார்கள். தப்பு செய்தது யாரோ, சந்து வழியாகப் போவது என் அம்மா.

இனி எழுத வேண்டாம். வந்தால் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிப் பால்ச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டோம்.

அசீனா


நகோயா
2.6.1997

மகள் அசீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திருப்பி அனுப்பிவிடுவாய் என்று பயந்து இதைச் சுயம்புலிங்கம் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன்னை மகள் என்று எழுதவே கை கூசுகிறது. என்னைப் பற்றி நீ கேள்விப்பட்டது எல்லாம் உண்மை. தங்கியிருந்த வீட்டுக்காரர் என்று அன்றைக்கு எழுதியது பொய்.

பையனுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய். மருந்தில் அடங்கவில்லை. ரத்தத்தின் உள்குறிகள் ஒத்துப்போகும் ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து இவனுக்கு ஏற்றினால் பிழைக்கலாம் என்கிறார்கள்.

என் மாமனார் வீட்டுச் சொந்தம் நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். நாற்பது பேரும் சாத்தோ. வரிசையாக உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்கள். ஒருவருடையதும் சேரவில்லை. மஜ்ஜை தருவதாக நாடு முழுக்கப் பெயர் கொடுத்திருப்பவர்கள் பட்டியலிலும் தேடிவிட்டார்கள். "இத்தனை லட்சம் சாத்தோக்களில் ஒருவர்கூடவா இல்லை?" என்று மாமனார் டாக்டரிடம் சண்டைக்குப் போனார். பெயர் ரிஜிஸ்தரில் எழுதுவது, அது ரத்தத்துக்குத் தெரியாது என்றார் டாக்டர். வந்தவர்களில் தலைமுறையாகப் பங்காளி என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு வீட்டாருக்கே ஒன்றோடொன்று எதுவும் ஒத்துப்போகவில்லையாம். பையனுக்குப் பாதி இந்த நாட்டு ரத்தம், பாதி நம் ரத்தம். அப்படிப்பட்டவர் யாரும் பட்டியலில் இல்லை.

இப்போது சொல்லப்போவதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. முதல் நாளே டாக்டர் என்னைக் கேட்டார், வேறு பிள்ளை உண்டா என்று. புமிகோ, என் இந்த ஊர் மனைவி, பக்கத்தில் இருந்தாள். நான் இல்லை என்றேன். கல்யாணத்துக்குக் கொடுத்த காகிதத்தில் எனக்கு மனைவி, மக்கள் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைக் காப்பாற்ற மறுபடியும் இல்லை என்றேன். இரண்டரை மாதம் அந்த இல்லையைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஒரு மத்தியானம் பையன் தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, உன்னையும் அம்மாவையும் பற்றிப் புமிகோவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "இரண்டரை மாதம்" என்று மட்டும் சொன்னாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தால் மெட்ராஸுக்கு அனுப்பிப் பரிசோதித்துத் தருவார்களாம். இங்கிருந்து டாக்டர் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தகப்பன் மட்டும் ஒன்றாக இருப்பதால் முழுசாகச் சேர்வது மிகவும் அபூர்வம் என்கிறார். ஆனாலும் வேறு ஆள் இல்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டாலும் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

பீர் மைதீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.7.1997

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் மதுரைக்குப் போனோம். அம்மாவும் வந்தார்கள். ரிப்போர்ட் நேற்று வந்தது. கூரியரில் உங்கள் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். அது உங்கள் கைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். சேரவில்லை.

மதுரை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். "ஒங்க அத்தாட்ட இருந்து வந்த பாதி ரெண்டு பேருக்கும் அப்படியே ஒண்ணா இருக்கும்மா. அம்மாக்கமார் வழியில வந்த பாதி வேற வேற. பாதிய வச்சு இத செய்ய முடியாது." நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் ரத்தம் போதவில்லை என்பது எனக்கு ஒரு குற்றம்போலவே இருக்கிறது.

நீங்கள் டாக்டரிடம் இல்லை என்று சொன்னதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். காரணத்தை எழுதிவிடுகிறேன். கல்லூரியில் சேரும்போது, தகப்பனார் என்ற இடத்தில் காலமாகிவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூடப் படிக்கும் பெண்களிடமும் அப்படித்தான் சொன்னேன். மார்கழியில் மம்சாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொல்லச் சொல்லி அம்மாவைக் கட்டாயப்படுத்தினேன். அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார்கள். உயிரோடு இருக்கும் ஆளை மௌத்தாக்கிய வாயோடு உங்களை என்ன கேட்பது?

மதுரையில் நோயாளிக்கு என்ன உறவு என்று பாரத்தில் கேட்டிருந்தது. அக்கா என்று எழுதினேன். தகப்பனார் இருக்கிறாரா என்று டாக்டரம்மா கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், "அந்தப் புள்ள ஒன் சாடையா இருக்குமோ என்னமோ" என்றார்கள்.

மறுபடி ரத்தம் வேண்டுமென்றால் எழுதுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் தருகிறேன்.

அசீனா


நகோயா
4.2.1998

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜனவரி 19-ஆம் தேதி பையன் போய்விட்டான்.

அந்தக் குடும்ப வழக்கப்படி எரித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர்கள் பெயரை வாங்கி என் பெயரைக் கழற்றிப் போட்டவன். அவனைக் கொண்டுபோகுமுன் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே போய், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தனியாக நின்று அவனுக்கு ஜனாஸா தொழுதேன். என் பிள்ளைக்கு நான் திருடனைப்போலத் தொழுதேன். சாம்பலைக் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். கல்லின் முகப்பில் சாத்தோ வீடு என்று மட்டும் செதுக்கியிருக்கிறது.

புமிகோ தினமும் காலையில் அவனுடைய பள்ளிக்கூடச் செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறாள். பொழுது சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைக்கிறாள். என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

சுயம்புலிங்கம் எழுதியிருந்தான். எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் மம்சாபுரத்துக்காரர்கள் உன்னையே கேட்டு வந்திருக்கிறார்களாம், பங்குனியில் நிக்காஹ் என்றான். ஒரு வார்த்தை எழுது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். மிச்சக் காலத்தைப் பீர் மைதீனாகவே கழித்துவிட்டுப் போகிறேன்.

அத்தா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.2.1998

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை தம்பிக்காக யாசீன் ஓத உட்கார்ந்தோம். துஆவில் பேரைச் சொல்ல வேண்டுமே, பேரு என்ன என்று அம்மா கேட்டார்கள். உங்கள் இரண்டு கடிதங்களையும் வரி வரியாகப் பார்த்தேன். பையன், பையன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் வேண்டாம். விளையாடும்போது அவனை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்களோ, அதை எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு, வாருங்கள் என்று எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன். நிக்காஹ் அன்று என் பக்கத்தில் நீங்கள் நின்றால் ஊர் பார்க்கும், நான் சொன்ன பொய்யும் அதோடு அழிந்துபோகும் என்று நினைத்தேன். எனக்கு என் வெட்கம் தீர வேண்டும், அவ்வளவுதான். அம்மாதான் பேனாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஏட்டி, அந்தப் பொம்பள தெனமும் செருப்ப எடுத்து வாசல்ல வைக்கான்னு எழுதியிருக்காவல்லா? அவள அப்படியே விட்டுட்டு இவிய எங்க வாராவ? என்னய விட்டுட்டுப் போனப்பம் எனக்கு நீ இருந்த. அவளுக்கு இப்பம் யாரு இருக்கா? அங்ஙனயே இருக்கச் சொல்லு."

வர வேண்டாம், அத்தா.

உங்கள் மகள்,
அசீனா