பேச்சு வேண்டாத ஒன்றரை ஏக்கர்

7 நவம்பர் 1994, திங்கள்

காலை மழை. பத்து மணிக்கு வெறித்தது. கொல்லயில் ஊரிலிருந்து இரண்டு வண்டி மாறி ஒற்றசேகரமங்கலம். கடைசி மூன்று கிலோமீட்டர் நடை. செருப்பில் ஏறிய சேற்றை வழித்தால் ஒரு சின்ன வீடு கட்டலாம்.

என் நிலத்துக்கு நானே அரச விஜயம். ஒன்றரை ஏக்கர், பங்கில் வந்தது. போன வருஷம் அக்கா மகன் ராஜனுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு என்று விட்டுக்கொடுத்தேன். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அங்கே எல்லாரும் பேசுகிறார்கள் என்று வேலையை விட்டான். பிறகு மலையாளப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான்: நிலம் உண்டு, வேலை உண்டு, பேச்சு வேண்டாம். நான்கு பேர் கார்டு போட்டார்கள். பூமியில் இவனைப் போல இன்னும் நான்கு பேர்!

தவணை ஞாயிற்றுக்கிழமையோடு தீர்கிறது. அக்கா கட்டளை: "நெலத்தத் திருப்பி வாங்குலே. பயலு தன்னால வீட்டுக்கு வருவான். பொண்ணு பாத்து வச்சிருக்கேன்." ரப்பர் வைக்க நிலம் கேட்டு லாசர் இரண்டு மாதமாக வருகிறார். என் நாய் இப்போது எனக்கு வால் ஆட்டுவதில்லை, அவருக்குத்தான். ஒரு வாரம் தங்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்று இருவருக்கும் வாக்கு.

மனதில் முடிவு ஆகிவிட்டது. காலி செய்யச் சொல்வது. ஊமைகளின் குடியரசு எந்தச் சரித்திரத்திலும் நிலைத்ததில்லை.

ராஜன் வாசலில் நின்றான். "வந்தியளா." அவ்வளவுதான் வரவேற்புரை.

8, செவ்வாய்

வெயில். ராஜ்ஜியத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

உள்ளவை: மரச்சீனி என்கிற மரவள்ளி, வாழை, கீரை, கோழி பதினொன்று, பசு ஒன்று, திண்டு பாதி கட்டிய கிணறு. வெளியே வாங்குவது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. அதற்கு வாழைக்குலை விற்பார்கள்.

ஆட்கள்: ராஜன். ஸ்டெல்லா, நர்ஸாக இருந்தவர், ஐம்பது வயது. மணியன், முன்னாள் பஸ் கண்டக்டர். தொண்டையை அரசாங்கத்துக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டவர். காஞ்சிரங்குளத்துக்காரர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பேர் கேட்டேன். சிரித்தார்கள்.

யாரும் யாருக்கும் வேலை சொல்வதில்லை. முறை இல்லை, பட்டியல் இல்லை. ஆனால் புல் அறுபட்டிருக்கிறது, தொட்டி நிறைந்திருக்கிறது. பேய் ஏதாவது கூலிக்கு வருகிறதோ?

கடைக்குப் போனேன், பேச்சுக்காகவே. கடைக்காரர் என்னிடம் ரகசியமாக: "அந்த ஊமைச் சேச்சி சீட்டு கொண்டு நீட்டும். பாவம்லா. ஒரு தீப்பெட்டி சும்மா வச்சு குடுப்பேன்." ஸ்டெல்லா ஊமை இல்லை என்று நான் திருத்தவில்லை. தீப்பெட்டி தீப்பெட்டிதானே.

சாயங்காலம் பால் வாளி கண்ணில் பட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. விருந்தாளி சும்மா இருக்கலாமா? என் சந்தன சோப்பைப் போட்டு, மகாராஜாவின் கிரீடத்தைத் துலக்குவதுபோல் துலக்கி, வேலிக்கம்பில் கவிழ்த்துவைத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

இரவு மரச்சீனி, சாளை மீன். ஆறு பேர், ஒரு சொல் இல்லை. நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. அசிங்கமாக இருந்தது.

9, புதன்

தூறல். பெரிய அமளி, ஆனால் சத்தம் இல்லாமல்.

விடிந்து பார்த்தால் பசுவின் மடி கல். நேற்றுச் சாயங்காலம் யாருமே கறக்கவில்லை. பசு கத்தியிருக்கும். என் குறட்டைக்கு முன்னால் எடுபட்டிருக்காது.

ஸ்டெல்லா வெந்நீர்த் துணி வைத்து ஒத்தடம். முதலில் வந்தது திரிந்த பால். அண்ணனும் தம்பியும் பசுவைப் பிடித்துக்கொண்டார்கள். மணியன் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்துபோய் மருந்தோடு வந்தார். யாரும் யாரையும் ஏவவில்லை. கல்யாண வீட்டில் நாற்பது பேர் கத்திச் செய்யும் வேலை.

ஆனாலும் விட முடியுமா? ஐந்து மணிக்கு மகாசபை கூட்டினேன். எல்லாரையும் மாமரத்தடியில் உட்கார்த்தி அரை மணி நேரம் முழங்கினேன். வாயில்லாத பசுவுக்கு வாயுள்ள ஐந்து பேர் இருந்து என்ன பயன்? "கறந்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் நாக்கு தேயுமா? இனி தினமும் ஐந்து மணிக்குக் கூட்டம், ஒவ்வொருவரும் பேசியே ஆகவேண்டும். தம்பி தரையைப் பார்த்தார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். மணியன் பாதியில் எழுந்துபோனார்.

பிறகு ராஜன் என்னைத் தொழுவுக்குக் கூட்டிப்போனான்.

"மாமா, வாளி கவுந்து இருந்தா கறந்தாச்சுன்னு அர்த்தமாக்கும். நிமிந்து இருந்தா, பாக்கவன் கறக்கணும். எல்லாத்துக்கும் இப்பிடி ஒண்ணு உண்டு."

"நேத்து யாருலே அத கவுத்தது?"

"வாளியில சந்தன சோப்பு மணம்."

வாளியை எடுத்து மோந்து பார்த்தேன். என் சோப்பேதான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"காலையிலயே."

"பின்ன கூட்டத்துல ஏன் மக்கா சொல்லேல்ல?"

"நீங்க பேசிட்டு இருந்திய."

10, வியாழன்

வெயில். மணியன் பெட்டி கட்டுகிறார். தினமும் கூட்டம் என்றால் தன்னால் ஆகாது என்று ராஜனிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை வார்த்தையில் சொன்னார் என்று கேட்டேன். மூன்று.

ஐவரில் ஒருவர் போனால் கிணற்றுத் திண்டு பாதியில் நிற்கும், வாழைக்குலையைச் சந்தைக்குச் சுமக்க ஆள் இல்லை. ஒரு வருஷம் அவர்கள் கட்டியதை மூன்றே நாளில் கலைத்தவன் நான். புயலுக்குக்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

மணியனிடம் போனேன். கூட்டம் ரத்து, குற்றவாளி நானே என்று தொடங்கினேன். முக்கால் மணி நேரம். கடைசியில் அவர் கையைத் தூக்கினார். "அண்ணா, க்ஷமிச்சு. மதி." மன்னித்தாயிற்றாம், போதுமாம்.

பெட்டி கட்டிலடிக்குப் போயிற்று.

தொழுவில் புதிதாக ஒரு சிலேட்டு தொங்குகிறது. காலை, மாலை என்று இரண்டு கட்டம், கறந்தவர் கோடு போடணும். வாளியை இனி எந்த மடையன் எப்படி வைத்தாலும் பசுவுக்கு ஆபத்து இல்லை. யார் கையெழுத்து என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

12, சனி

நேற்று எழுதவில்லை. கிணற்றுத் திண்டுக்குக் கல் சுமந்தேன். ஏழு கல். எழுநூறு என்று ஊரில் சொல்வேன்.

பால் தெளிந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால்: ஒருவர் வாய் திறந்திருந்தால் பசுவுக்கு நோவு வந்திராது. இது குறைதான். டவுணில் காசை நீட்டினால் பேசாமல் வாழலாம்; இங்கே ஒருவர் கை இன்னொருவருக்கு வேண்டும், ஆகவே பேச்சு இன்னும் அதிகம் வேண்டும் என்று நினைத்தேன். ராஜனிடம் கேட்டேன், காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று.

"ஆடி மாசம் வந்துது. நாலு நாளு. கண்ணத் தொறக்கும்போ தலமாட்டுல சூடா கஞ்சி இருக்கும். யாரு வச்சாவன்னு இப்பளும் தெரியாது."

என் வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தால் முப்பது பேர் வந்து விசாரிப்பார்கள். கஞ்சி ஆறிவிடும்.

13, ஞாயிறு

மழை இல்லை. பதினோரு மணிக்கு அக்கா வந்துவிட்டாள், மகனை அழைத்துப்போக, பெண்ணின் போட்டோவோடு.

சாப்பாடு. யாரும் அவளிடம் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லவில்லை. முகம் கறுத்தது. பிறகு தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள், இரண்டு தடவை.

கை கழுவிவிட்டு மகனிடம்: "வீட்டுலயும் பேசமாட்ட, இங்கயும் பேசேல்ல. அப்பம் வீட்டுல வந்து பேசாம இருந்தா என்னலே?"

ராஜன் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தான்.

"வீட்டுல, ஏன் பேசேல்லன்னு கேப்பிய அம்மா. இங்க யாரும் கேக்கமாட்டாவ."

அக்கா போட்டோவைப் பைக்குள் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "நெலம் ஒனக்கதுதானே. நீ சொல்லு."

ஐந்து பேரும் முற்றத்தில் நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரமாதமான ஓர் உரை நெஞ்சில் தயாராக இருந்தது.

"இன்னும் மூணு வருஷம்" என்றேன்.

அக்கா மகனிடம், "வாரம் ஒரு கார்டாவது போடு." "போடுதேன்." லாசருக்கு நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

மூன்று மணி வண்டி. அக்கா ஜன்னல் ஓரம். வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஏன் பேசாமல் வருகிறாய், கோபமா, அழுகிறாயா, எல்லாம் நாக்கு நுனியில். கேட்கவில்லை. ஒரு வாரப் பேச்சு உள்ளே கிடந்து நெஞ்செலும்பை முட்டியது. அப்படியும் கேட்கவில்லை. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டு வந்தது. அங்கே அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"எலே, ஒனக்கு நெஞ்சு வலிக்குதாலே?"