பூசைத் தொட்டியில் மீன்

திருநெல்வேலி,
பரிதாபி வருஷம் ஐப்பசி 2

என் பிரியமுள்ள பிரம்மநாயகிக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நானே வடித்த சோற்றை நானே தின்றுகொண்டு எத்தனை நாளைக்குச் சௌக்கியமாக இருப்பது? தீபாவளி நெருங்குகிறது. உன் கோபம் இன்னும் ஆறவில்லையா?

அது உன் அப்பா சிவபூசைக்கு எடுத்துவைத்த ஆற்றுத் தண்ணீர் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டு முற்றத்துக் கல்தொட்டி நிறையக் கொசுப்புழு நெளிந்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் கை சும்மா இருக்குமா? ஒரு கரண்டி சீமெண்ணெயை விட்டேன். அதற்காக, "இனிமே என் வாசப்படி ஏறப்பிடாது" என்று தெருவே கேட்கும்படி மாமா சத்தம் போடுவதா? நான் வந்து அழைக்க வழியில்லை. கோபித்துக்கொண்டு அப்பா வீட்டிலேயே தங்கிவிட்ட பெண் தானாகத் திரும்பி வரவும் வழக்கமில்லை. நான் என்னதான் செய்ய?

இங்கே தெருவுக்குத் தெரு முடக்குக் காய்ச்சல். பத்திரமாக இரு.

உன்,
திருஞானசம்பந்தம்

---

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 5

அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கை சும்மா இருக்காது என்பது கல்யாணத்தன்றே தெரிந்த சங்கதி. நீங்கள் விட்டது கரண்டி எண்ணெய்தான். அப்பா அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு அபிஷேகம் செய்தாரே! சுவாமி மேல் இன்னும் அந்த வாடை போகவில்லை. உங்களுக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆனால் அப்பா நேற்றிலிருந்து படுக்கையில் கிடக்கிறார். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. "மூட்டு மூட்டா அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கி பிள்ளே" என்று முனகுகிறார். அவர் முனகி நான் கேட்டதே இல்லை. பயமாக இருக்கிறது அத்தான். என்ன மருந்து கொடுக்க?

பிரம்மநாயகி

---

திருநெல்வேலி,
ஐப்பசி 7

பிரமு,

பயப்படாதே. அதே முடக்குக் காய்ச்சல்தான். மருந்து கிடையாது, தானாக இறங்கும். கஞ்சியும் வெந்நீரும் கொடுத்துக்கொண்டே இரு. பகலிலும் கொசுவலைக்குள்ளேயே படுக்கவை. அவரைக் கடித்த கொசு பிறகு உன்னைக் கடித்தால் உனக்கும் வரும். இது சாக்கடைக் கொசு இல்லை. காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும், வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தவலை, அண்டா எல்லாவற்றையும் வாராவாரம் கவிழ்த்து, உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவி, வாயைத் துணியால் கட்டு.

பூசைத் தொட்டிக்கு எண்ணெய் வேண்டாம். படித்துறையிலிருந்து சின்ன மீன் நாலைந்து பிடித்து விடு. புழுவைத் தின்றுவிடும். சைவ வீட்டுக்குள் மீனா என்று சண்டைக்கு வராதே. ஆற்றில் அதுகளோடு சேர்ந்துதானே முங்கிக் குளிக்கிறோம்?

உனக்குக் காய்ச்சல் என்று கேட்டால், வாசப்படியாவது ஒன்றாவது, ஓடி வந்துவிடுவேன்.

சம்பந்தம்

---

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 18

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா எழுந்து நடமாடுகிறார். வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மீன் விட்ட அன்று அடுத்த வீட்டுக் கோமு அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "பிள்ளைமார் வீட்டுக்குள்ள மீனு வந்தாச்சாக்கும்!" என்றாள். கொசுவலைக்குள்ளிருந்து அப்பா, "நாம திங்கதுக்கா கொண்டாந்திருக்கு? அது திங்கதுக்குல்லா வந்திருக்கு!" என்று ஒரு அதட்டுப் போட்டாரே பார்க்கணும்! இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்ப் பானையை எட்டிப் பார்க்கிறார். அவர் தலை தெரிந்தால் எல்லாரும் அண்டாவை மூடுகிறார்கள்.

இதுதான் சமயம் என்று, "அவுகளை வரச் சொல்லட்டுமாப்பா?" என்றேன். "சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் டிரங்குப் பெட்டியில் தன் வேட்டியை மடித்து வைக்கிறார். "அவன் என் வாசப்படி ஏறப்பிடாதுன்னுதான சொன்னேன்? நான் அவன் வாசப்படி ஏறப்பிடாதுன்னு சொன்னேனா? பொறப்படு பிள்ளே!"

நாளை மறுநாள் காலை வண்டியில் அப்பாவே என்னைக் கொண்டுவந்து விடுகிறார். ரயிலடிக்கு வந்துவிடுங்கள். உங்களைப் பார்க்காமல் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

ஊருக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் நீங்கள். நான் இல்லாத வீட்டில் தண்ணீர்ப் பானையை ஒரு தடவையாவது கவிழ்த்திருப்பீர்களா? இந்தக் கடிதம் கண்டதும் எழுந்து தேயுங்கள். அப்பா வந்ததும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்.

உங்கள்,
பிரமு