தட்டு காலியாகும்வரை

3 மார்ச் 2025, திங்கள்

ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் தாரணி எழுந்தபோது எட்டரை. ஒரு தட்டு சோறு, மீன் குழம்பு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது அதிகமா? தட்டு காலியாகாமல் யாரும் எழக்கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். நான் அதில் வளர்ந்தவன். அப்பா எதிரில் உட்கார்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழு வயதிலும் அந்தப் பார்வை மாறவில்லை.

"ஏங்க, அவள விட்டுடுங்களேன்" என்றாள் உமா.

நான் விடவில்லை.

6 மார்ச், வியாழன்

தாரணியின் டீச்சர் போன் செய்தார். பிஇ உடற்பயிற்சி வகுப்பில் மயங்கிவிட்டாளாம். ரீசஸ் இடைவேளையில் அவள் எதையும் தொடுவதில்லை என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்களாம்.

மாலையில் உமா அவள் அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பைகள். டிஷ்யூவில் சுற்றிய, மென்ற சோறு. எறும்பு மொய்த்திருந்தது. வாயில் அடக்கிக்கொண்டு போய் அறையில் துப்பியிருக்கிறாள். எத்தனை வாரமாக?

கோபம்தான் முதலில் வந்தது. பயம் பிறகு வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

8 மார்ச், சனி

எழுதக் கூசுகிறது. எழுதிவிட வேண்டும்.

தாரணியை மட்டும் தேக்கா உணவங்காடிக்கு அழைத்துப் போனேன். மைமூன் அக்கா கடையில் அவளுக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ். நாலு வாய் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளினாள். "போதும்பா."

"சாப்பிடு."

"முடியலப்பா."

அடுத்து நடந்ததை என் கைதான் செய்தது என்று எழுதப் பார்த்தேன். பொய். நான் செய்தேன். அவள் தாடையை இறுக்கிப் பிடித்து, கரண்டியை வாய்க்குள் திணித்தேன். பல்லில் பட்ட சத்தம் கேட்டது. அவள் கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது. அழவில்லை.

மைமூன் அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு லா தம்பி. புள்ளைக்கு மூச்சு முட்டுது. விடு."

விட்டேன். சுற்றி எல்லா மேசைகளிலிருந்தும் எங்களைப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு உமா அவளைக் கூட்டிக்கொண்டு செங்காங்கில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

10 மார்ச், திங்கள்

வீட்டில் நானும் அப்பாவும். "புள்ள எங்க?" என்று இன்றும் கேட்டார்.

"நீங்க எனக்குச் செஞ்சத நான் அவளுக்குச் செஞ்சேன். போயிட்டா."



எனக்கு ஏழு வயதில் பாகற்காய் இறங்காமல் வாந்தி எடுத்தேன். அப்பா வாயைக் கழுவிவிட்டு மறுபடி தட்டின் முன் உட்கார வைத்தார். என் தாடையையும் இப்படித்தான் பிடிப்பார், கட்டைவிரல் ஒரு பக்கம், நாலு விரல் மறுபக்கம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே. பிறகு எப்படி அதே பிடி?

11 மார்ச், செவ்வாய்

உமா போனை எடுக்கவில்லை.

13 மார்ச், வியாழன்

காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அப்பா பேசத் தொடங்கினார். நான் எதுவும் கேட்கவில்லை.

"மலாயாவுல குளுவாங் ரப்பர் எஸ்டேட்டுல இருந்தோம். எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போயிட்டான். திரும்பவே இல்ல. அம்மா மரவள்ளிக்கிழங்க அவிச்சு வச்சுட்டு வேலைக்குப் போவும். எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. அவனுக்கு மூணு வயசு. தொண்டையில எறங்காது, வேணாம்னு தள்ளிடுவான். நான் தின்னுடுவேன். அம்மா வந்து தம்பி சாப்புட்டானான்னு கேக்கும். சாப்புட்டான்னு சொல்லுவேன்."

"எத்தன நாளுப்பா?"

"அவன் போற வரைக்கும்."

அப்பாவுக்குத் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. பெயர் கேட்டேன். மருதப்பன் என்றார். சொல்லிவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தார். "சாப்புடாத புள்ளையப் பாத்தா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது கபிலா. ஒன்னையும் அப்படித்தான்…"

அவர் தோளில் கை வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. என் தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருக்கு அப்போது ஆறு வயது. பசி. எனக்கு நாற்பத்தெட்டு. எனக்கு என்ன சாக்கு?

16 மார்ச், ஞாயிறு

செங்காங் போனேன். தாரணி கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். தாடையில் என் விரல் பதிந்த இடத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் தடம்.

மன்னிப்புக் கேட்டேன். தாத்தாவின் தம்பியைப் பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"பாவம்தான். ஆனா அது ஏன் என் வாயில வரணும்?"

நான் கம்பியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"சாரி சொல்லிட்டுத் திரும்ப செய்வீங்க. நான் வரணும்னா, சாப்பிடறப்ப நீங்களும் தாத்தாவும் என்னைப் பாக்கக்கூடாது. எவ்ளோ சாப்பிட்டேன்னு கேக்கவும் கூடாது. அதெல்லாம் டாக்டர் பாத்துக்கட்டும்."

பின்னால் நின்ற உமா சொன்னாள்: "புதன்கிழமை அப்பாயின்ட்மென்ட். நானும் அவளும் போறோம். நீங்க உங்களுக்குன்னு தனியா ஒரு மனநல டாக்டரப் பாருங்க."

சரி என்றேன்.

24 மார்ச், திங்கள்

நேற்று வந்துவிட்டார்கள்.

இன்று மாலை தாரணி தனக்கு வேண்டிய அளவு போட்டுக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார். எனக்கும் கால் துடித்தது.

"அப்பா, உக்காருங்க."

நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். "சாப்புடுறாளாடா?"

"தெரியலப்பா."

உமாவும் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சமையலறையில் தண்ணீர் சத்தம், தட்டு கழுவுகிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.