லூசியா நாளின் உப்புக் கோதுமை

இன்று காலை எதிர்வீட்டு அம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். அவித்த கோதுமை, அதில் குழைத்த ரிக்கொத்தா பாற்கட்டி, மேலே தோடம்பழத் தோலின் சீவல். மூடியைத் திறந்ததும் அந்த மணம் என்னை உம்மிடம் கூட்டிப்போய்விட்டது. நீர் காலமான பிறகு வரும் முதல் லூசியா திருநாள் இது.

தொண்ணூறுகளில் நாம் வேலை செய்த அந்தத் தவறணையை நீர் மறந்திருக்கமாட்டீர். மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும் வழியில், கிராமமாக இருந்து நகரத்தோடு ஒட்டிப்போன இடத்தில், கல் வளைவின் கீழே தலைமுறை தலைமுறையாக வைன் ஊற்றிய கடை. நீர் மன்னார் ஆள், அடுப்படி உம்முடையது. நான் யாழ்ப்பாணத்தான், கோப்பை கழுவுகிறவன். "படிச்ச மனுசன் கழுவினால் பீங்கானுக்கே ஒரு மரியாதை" என்று கேலி செய்வீர்.

டிசம்பர் நடுவில், லூசியா நாளோடு அங்கே பண்டிகைக் காலம் தொடங்கும். முன்னொரு பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் வந்ததாம். மாவாக்கும்வரை பொறுக்க முடியாத சனம் அப்படியே அவித்துத் தின்றதாம். அதனால் அன்று பாணும் இல்லை, பாஸ்தாவும் இல்லை. வாசலுக்கு வருகிற எவருக்கும் ஒரு கிண்ணம் இனிப்புக் கோதுமை. அதற்குக் காசு வாங்கினால் பாவம் என்பார் கடைக்காரச் சினியோரா.

லூசியா கண்ணுக்குக் காவலான புனிதை. அந்த வருடம் உம்முடைய கண்களில் புகை படர்ந்திருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்து வேலை போனால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியும் புதுப்பிக்க முடியாது. மன்னாரிலிருந்து மனைவியையும் மகளையும் கூப்பிடுகிற கனவும் அதோடு போய்விடும். என்னால் முடிந்தது ஒன்றுதான். உப்பு வலக்கைப் பக்கம், சீனி இடக்கைப் பக்கம், கத்தி சுவரோரம் என்று ஒவ்வொரு நாளும் வைத்துவிட்டுப் போனேன். நீர் பார்வையுள்ளவர்போல நடமாடினீர்.

அந்த லூசியா நாளில், நாம் வருமுன்பே சினியோரா பண்டிகைக்கென்று அலமாரித் தட்டைத் துடைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றியிருந்தார். நீரோ கண்ணுக்காக நேர்ந்து, மாலைப் பூசைவரை ஒருசந்தி நோன்பு. ருசி பார்க்கவும் நாக்கில் வைக்கவில்லை. இடக்கையால் அள்ளிப் போட்டது உப்பு.

சினியோரா ஒரு கரண்டி வாயில் வைத்தார். யார் செய்த வேலை என்று கேட்டார்.

என் தைரியம் உமக்குத் தெரியும். உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் மாற்றி வைத்தது நான்தான் என்று உடைந்த இத்தாலியனில் சொல்லிவிட்டேன். நீர் சிரித்தீர்.

"ஐசே, உம்மை ஆர் நம்புவினம்? கரண்டியையே நூல் பிடிச்சு வைக்கிற ஆள்."

பிறகு சினியோரா பக்கம் திரும்பி, மாதக்கணக்காகக் கண் தெரியவில்லை என்பதை நீரே சொன்னீர்.

அவர் கோதுமையை வெந்நீரில் ஒருமுறை அலசி, அவித்த கடலையையும் ஒலிவ் எண்ணெயையும் கொட்டிக் கிளறினார். சீனி கிடைக்காத காலத்தில் தன் தாய் இப்படித்தான் தந்தாள் என்று வாசலில் பரிமாறினார். கிழவர்கள் இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் அவரே உம்மைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போனார். லூசியாவின் நாளில் கண்ணை ஒளித்தவனை வேறென்ன செய்வது என்று வழியெல்லாம் ஏசினாராம்.

கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து கட்டவிழ்த்த பிறகு என்னைப் பார்த்ததும் நீர் கேட்டது இதுதான்: "உம்மட தலை இவ்வளவு நரைச்சுப்போச்சு, ஏன் ஐசே ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அடுத்த பண்டிகைக்கு உம் மனைவியும் மகளும் இங்கே இருந்தார்கள். நான் சொன்ன பொய் உமக்கு உதவியதா, இடைஞ்சலா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். இந்தச் சமையலறையில் நான் ஒருவன்தான், எனக்குக் கண்ணும் தெரிகிறது. ஆனாலும் உப்பு வலப்பக்கம், சீனி இடப்பக்கம். வந்து போகிறவர்கள் மாற்றி வைத்தால், அவர்கள் போனதும் எழுந்துபோய்த் திருப்பி வைத்துவிடுகிறேன்.